பட்டறைக் காற்றில் மிதக்கும் கூலன்ட்

ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் மூக்கைத் தாக்குவது அழுகிய முட்டை நாற்றம். கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. "கூலன்ட் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, புதுசைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் நாற்றம் அடங்கிவிடும். மூக்கும் பழகிவிடும்.

மெஷின் ஓடும்வரை, வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைப் பம்பு சுழற்றிக்கொண்டே இருப்பதால் அதில் காற்று கலந்திருக்கும். ஒரு நாள் நின்றுவிட்டால் போதும்; ஸ்லைடுகளுக்குப் போட்ட எண்ணெயும் ஹைட்ராலிக் எண்ணெயும் கசிந்து வந்து தொட்டியின் மேல் ஏடு கட்டிக்கொள்ளும். ஏட்டுக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாமலே வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடும். அழுகிய முட்டை வாசம் அதனுடையதுதான். பம்பைப் போட்டதும் வாயு கலைந்துவிடுகிறது. பாக்டீரியா போவதில்லை. ஸ்பிண்டில் சுழல ஆரம்பித்ததும் அது கூலன்ட் துளிகளோடு சேர்ந்து காற்றில் ஏறுகிறது. ஆபரேட்டர் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

கூலன்ட் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குச் சுருக்கமான பதில், வெப்பம். உலோகத்தைச் சீவும்போது கூர்முனையும் சிப்பும் உரசும் இடத்தில் வெப்பம் பல நூறு டிகிரிக்கு ஏறும். அந்தச் சூட்டில் டூல் மழுங்கும், ஜாப் விரிவடைந்து அளவு மாறும். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1880களில் பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகாலையில் சோதித்துப் பார்த்தார். வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்ட முடிந்தது. துருப் பிடிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில் சோடாவைக் கரைத்தார். இந்த முடிவுகள் 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. அதற்குப் பிறகு கூலன்ட் இல்லாத எந்திரப் பட்டறையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

தண்ணீர் சூட்டை நன்றாக இழுக்கும், ஆனால் வழவழப்புத் தராது. எண்ணெயின் குணம் இதற்கு நேர்மாறு. இரண்டையும் சேர்க்க வந்ததுதான் சொலுபிள் ஆயில், பட்டறைகளில் பால்போல் வெள்ளையாக ஓடும் அந்தக் கலவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் எண்ணெய், அது பிரியாமலிருக்க சோப்பு வகைகள், துருவைத் தடுக்க அமீன்கள், நுரையை அடக்க ஒன்று, கிருமியைக் கொல்ல ஒன்று என்று ஒரு கேனுக்குள் பத்து இருபது வேதிப்பொருள்கள் இருக்கும். தண்ணீரே கலக்காத சுத்த எண்ணெயும் உண்டு. எண்ணெயே இல்லாத சிந்தெடிக்கும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்டதும் உண்டு. நம் பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது வெள்ளைக் கலவைதான். அதைப் போர் தண்ணீரில் கலக்கும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த தண்ணீரில் அந்தக் கலவை சீக்கிரம் பிரிகிறது. தண்ணீரில் வரும் சல்பேட்டோ பாக்டீரியாவுக்கு விருந்து.

தொட்டியில் கிடக்கும்வரை இந்தத் திரவம் தோலுக்குத்தான் தொல்லை. நுரையீரலுக்குப் பிரச்சினை தொடங்குவது அது துளியாக உடையும்போது.

உடைவதற்கு மூன்று வழிகள் உண்டு. நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழலும் கட்டரின் மேல் விழுந்து தூக்கியெறியப்படுவது முதல் வழி. அழுத்தத்தோடு பாய்ந்து ஜாப்பிலும் பிக்ஸ்ச்சரிலும் மோதிச் சிதறுவது அடுத்தது. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தப்புவது: சூடான முனையில் ஆவியாகி மேலே வந்து, குளிர்ந்த காற்றில் மறுபடியும் துளியாகத் திரள்வது. இப்படிப் பிறக்கும் துளிகள்தான் எல்லாவற்றிலும் நுண்ணியவை.

இவையெல்லாம் வேண்டாமலே உண்டாகிற மூட்டம். வேண்டுமென்றே உண்டாக்குவதும் இருக்கிறது. திறந்த மில்லிங் மெஷின்களிலும், தொட்டியும் பம்பும் வைக்க இடமில்லாத சின்னப் பட்டறைகளிலும், அலுமினியம் ரவுட்டர் வேலைகளிலும் மிஸ்ட் கூலன்ட் செட் ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து ஒரு குழாய், கம்ப்ரஸரிலிருந்து இன்னொரு குழாய், முனையில் ஒரு நாசில். காற்று வேகமாகப் போகும்போது திரவத்தை உறிஞ்சி, பொடிப்பொடியாக உடைத்து, டூலின் மேல் ஊதும். தரை நனையாது, சிப் பறந்துபோய்விடும், செலவும் சொற்பம். ஆனால் டூலைத் தொடாமல் போகும் துளிகள் எங்கே போகின்றன என்று கேட்பவர்கள் குறைவு. நாசிலுக்கு அரை மீட்டர் தூரத்தில்தான் ஆபரேட்டரின் முகம் இருக்கிறது.

இனி கொஞ்சம் கணக்கு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிப்பு. 100 மைக்ரான் துளி ஒன்று முக உயரத்திலிருந்து தரையில் விழ ஆறு விநாடி போதும். அது சட்டையை நனைக்கும், கண்ணில் தெறிக்கும், அவ்வளவுதான். 10 மைக்ரான் துளிக்கு எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துளிக்கு, காற்றே அசையாத அறையில்கூட, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரு முழு ஷிப்ட் ஓட்டியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், அவர் காலையில் கிளப்பிய துளி அடுத்த ஷிப்ட்காரரின் மூக்கருகே மிதந்துகொண்டிருக்கும்.

பெரிய துளிகளை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 4 மைக்ரானுக்குக் கீழே போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் கலக்கும் காற்றறைகள் வரை போகும். இதோடு முடிவதில்லை. வெள்ளைக் கலவையில் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். காற்றில் ஏறிய சிறு துளியிலிருந்து தண்ணீர் நொடியில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஐந்து பங்கு எண்ணெயும் மருந்தும் கிருமியும். 10 மைக்ரானாகப் பிறந்த துளி இப்படி வற்றினால் ஏறத்தாழ 3.7 மைக்ரானாகிறது. மூச்சுக்குழாயில் நின்றிருக்க வேண்டியது இப்போது காற்றறை வரை இறங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. "தண்ணீர்தானே, உலர்ந்துவிடும்" என்று பட்டறையில் சொல்வதுண்டு. உலர்வதால்தான் வம்பே.

இந்த நுண்துளிகளைக் கண்ணால் பார்ப்பது சிரமம். ஆனால் அவை விட்டுச் செல்லும் தடயம் எங்கும் இருக்கும். டியூப்லைட்டின் மேல் பிசுபிசுப்பு, ஃபேன் இறக்கையில் கருப்பு மசி, மாடிப்படிக் கைப்பிடியில் வழுவழுப்பு, சட்டைப்பையிலிருந்து எடுக்கும் கைப்பேசியின் திரையில் ஒரு படலம். மாலையில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வெயில் கீற்றில் புகைபோல் ஏதோ சுழன்றால் அதுதான் கூலன்ட்.

உலோக வேலைக்கு வெளியே, துணி ஆலையில்தான் எண்ணெய்த் துளியின் கேடு முதலில் வெட்டவெளிச்சமானது. இங்கிலாந்தின் லங்காஷயரில் மியூல் எனப்படும் நூற்பு எந்திரத்தின் கதிர்களுக்குப் போடும் கனிம எண்ணெய், சுழலும்போது தெறித்துத் தொழிலாளியின் இடுப்புக்குக் கீழே துணியை நனைத்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வந்தது. 1922இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். எண்ணெயைக் கட்டுப்படுத்தும் அரசு விதி வந்தது 1953இல். முப்பத்தொரு வருடம்! சுத்திகரிக்கப்படாத, அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய்களை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பிற்பாடு முதல் பட்டியலில் சேர்த்தது.

பிறகு எண்ணெய்கள் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டன. தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டுகளும் பரவின. பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். அது ரூபம் மாற்றிக்கொண்டது. துருவைத் தடுக்கச் சேர்த்த நைட்ரைட்டும் அமீனும் தொட்டிக்குள்ளேயே ஒன்றுசேர்ந்து நைட்ரோசமீன் என்ற புற்றுநோய்க் காரணியை உண்டாக்குவது தெரியவந்து, 1984இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அந்தச் சேர்க்கைக்குத் தடை போட்டது. கிருமியைக் கொல்லச் சேர்க்கும் மருந்துகள் சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறியது; வேறு சில தோலில் ஒவ்வாமையைக் கிளப்பின. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் வந்த இடத்தில் உயிரும் வந்தது. சுத்த எண்ணெயில் பாக்டீரியாவால் பெருக முடியாது. வெள்ளைக் கலவையில் அதற்குத் தண்ணீர், உணவு, மிதமான சூடு எல்லாம் கிடைக்கின்றன.

இதன் உச்சம் பர்மிங்ஹாமில் நடந்தது. லாங்பிரிட்ஜில் கார் எஞ்சின் தயாரித்த பவர்டிரெயின் தொழிற்சாலையில் 2003, 2004 ஆண்டுகளில் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பன்னிரண்டு பேர் வந்த பிறகு மருத்துவர்கள் தொழிற்சாலை முழுவதையும் பரிசோதித்தார்கள். 836 பேரில் 87 பேருக்கு வேலையால் வந்த நுரையீரல் நோய் இருந்தது. அவர்களில் 74 பேருக்கு ஆஸ்துமா. பலருக்கு ஒவ்வாமை நுரையீரல் அழற்சி இருந்தது.

இந்தக் கடைசி நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது தொற்று அல்ல. செத்த பாக்டீரியாவின் துண்டுகள்கூட இதைக் கிளப்பிவிடும். காற்றறைகளுக்குள் திரும்பத் திரும்ப வந்து விழும் அந்நியப் பொருளுக்கு எதிராக உடலின் காவல் செல்கள் திரண்டு, நுரையீரலையே வீங்க வைத்துவிடுகின்றன. வேலை முடிந்து நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல். வீட்டில் இருக்கும்போது வருவதால் யாரும் பட்டறையைச் சந்தேகிப்பதில்லை. ஃப்ளூ என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இரண்டு நாள் லீவில் சரியாகும். திரும்பிப் போனால் திரும்ப வரும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படியே விட்டால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டுவிடும். அந்தக் கட்டத்தில் வேலையை விட்டாலும் இழந்த மூச்சு திரும்பாது.

லாங்பிரிட்ஜில் எந்த ஒரு நுண்ணுயிரையும் தனியே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியவில்லை. அமெரிக்க ஆலைகளில் இதே நோய் வந்த பல இடங்களில் மைகோபாக்டீரியம் இம்யூனோஜீனம் என்ற உயிரி தொட்டிகளில் கிடைத்தது. 2001இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு அது. மெழுகுபோன்ற உறை இருப்பதால் வழக்கமான கிருமிக்கொல்லிகள் அதைச் சுலபத்தில் தொடுவதில்லை. மற்ற பாக்டீரியாக்களை மருந்து கொன்றுவிட, போட்டியில்லாத தொட்டியில் இது தழைக்கிறது. நாற்றமடிக்காத, பார்க்கச் சுத்தமாக இருக்கும் கூலன்ட்டிலும் ஆபத்து இருக்கலாம் என்பது இதனால்தான்.

இந்தியாவில் இந்த நோய் அபூர்வம் என்று எண்ண வேண்டாம். 2017இல் வெளியான இந்திய இடைத்திசு நுரையீரல் நோய்ப் பதிவேட்டில் 1,084 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு இருந்தது இதே ஒவ்வாமை அழற்சி. அங்கே முதன்மையான சந்தேகம் விழுந்தது வீட்டு ஏர்கூலர்களின் மேல். தேங்கிய தண்ணீர், அதில் வளர்ந்த கிருமி, அதைக் காற்றில் தூவும் ஒரு விசிறி. மிஸ்ட் கூலன்ட்டுக்கும் இதற்கும் இயக்க முறையில் அதிக வித்தியாசமில்லை. மூச்சிரைப்பும் இருமலும் எடை குறைவதும் எக்ஸ்-ரேயில் நிழலும் சேர்ந்தால் நம் ஊரில் முதலில் ஓடும் எண்ணம் டி.பி. பக்கம்தான். பட்டறையைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் உண்மையான காரணம் வெளிவராமலே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு கன மீட்டர் காற்றில் கனிம எண்ணெய் மூட்டம் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பழைய வரம்பு. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையிலும் அதே 5தான் இருந்தது. ஒரு ஷிப்டில் ஒருவர் சுமார் பத்து கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஆக, வரம்புக்குள் இருந்துகொண்டே தினம் 50 மில்லிகிராம் எண்ணெயைச் சுவாசிக்க அந்த எண் இடம் தருகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், ஆதாரங்களையெல்லாம் அலசி 1998இல் பரிந்துரைத்த அளவு 0.5 மில்லிகிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு. அதை விதியாக்கக் கோரி ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் 1993 முதலே போராடியது. அரசு அமைத்த ஆலோசனைக் குழுவும் 1999இல் அதே எண்ணைத்தான் சொன்னது. 2001இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். சங்கம் நீதிமன்றம் போய் 2004இல் தோற்றது. பழைய வரம்பு அங்கே இன்னும் அப்படியே நிற்கிறது.

என்னைக் கேட்டால் 5 என்ற எண் பெரிது என்பதைவிட, அது தவறான பொருளை அளக்கிறது என்பதே பெரிய குறை. எண்ணெயின் எடைக்கு வரம்பு வைத்த சட்டம் கூலன்ட்டில் வாழும் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. தோலைப் பற்றியாவது கொஞ்சம் பேசியது: கனிம எண்ணெயால் வரும் பருவும் தோலழற்சியும் மூன்றாவது அட்டவணையில், கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தன. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரத்தில் ஓடும் பட்டறையைத் தொட்டது பத்துப் பேர் வேலை செய்தால்தான். 2020இல் இயற்றி 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அதை இருபதாக உயர்த்தியது. இரண்டு வி.எம்.சி. மெஷின், ஒரு லேத், ஐந்து பேர் என்று நடக்கும் ஜாப் ஆர்டர் பட்டறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

இன்றைக்கு எம்.க்யூ.எல். என்று விற்கப்படும் குறைந்த அளவு மசகு முறையையும் மிஸ்ட் கூலன்ட்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். எம்.க்யூ.எல்.லில் தண்ணீர் கிடையாது. பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர், மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர் மட்டும். தொட்டி இல்லாததால் கிருமி வளர வழியில்லை. சூட்டைக் குறைப்பதைவிட உரசலைக் குறைப்பதே அதன் வேலை. மூடிய மெஷினில், காற்றை உறிஞ்சும் ஏற்பாட்டோடு வைத்தால் நல்ல முறைதான். திறந்த மெஷினில் வைத்தால் அதுவும் மூக்குக்குள் ஊதும் நுண்துளிதான். தாவர எண்ணெய் என்பதால் நுரையீரல் அதை விரும்பி ஏற்பதில்லை. கெட்டுப்போன சொலுபிள் ஆயிலை டப்பாவில் ஊற்றி மிஸ்ட் நாசிலில் ஓட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். அதைச் செய்யவே கூடாது.

பல வேலைகளுக்கு மிஸ்ட்டே தேவையில்லை. வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். கார்பைடு இன்சர்ட்டால் எஃகை மில்லிங் செய்யும்போது கூலன்ட் போட்டால், சூடும் குளிரும் மாறிமாறித் தாக்கி இன்சர்ட்டில் மயிரிழை விரிசல் விழும். வெறும் காற்றை ஊதிச் சிப்பை விலக்கினாலே ஆயுள் கூடும். அலுமினியம் ஒட்டிக்கொள்ளும் என்றால் பிரஷ்ஷால் ஒரு தடவலே போதும் என்கிற வேலைகள் ஏராளம். திரவம் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அழுத்தம் குறைந்த தாராளமான ஓட்டம், மிஸ்ட்டைவிட மேல். கார்பைடு டூலைச் சாணை பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கார்பைடிலுள்ள கோபால்ட் கூலன்ட்டில் கரைந்து மூட்டத்தோடு வரும். அதுவும் நுரையீரலைக் கெடுக்கும்.

பெரிய செலவில்லாத காரியங்களிலேயே பாதி ஆபத்து குறையும். புரோகிராம் முடிந்ததும் கதவைப் படாரென்று திறக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, காற்றுறிஞ்சி ஓடும் மெஷினில் மூட்டம் வெளியேறிய பிறகு திறப்பது. ஜாப்பை ஏர்கன்னால் ஊதாமல் துடைத்து எடுப்பது. தொட்டியின் மேல் மிதக்கும் எண்ணெய் ஏட்டைத் தினம் வழித்தெடுப்பது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுச் செறிவைப் பார்ப்பது, பி.எச். தாளில் 8.5க்குக் கீழே இறங்குகிறதா என்று கவனிப்பது. இறங்கினால் உள்ளே கிருமி அமிலம் சுரக்கிறது என்று அர்த்தம். கூலன்ட்டை மாற்றும்போது பழைய சகதியைச் சுரண்டாமல் புதுசை ஊற்றினால், சுவரில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலம் ஒரு வாரத்தில் புதுசையும் பழசாக்கிவிடும். டீக் கிளாஸின் மிச்சத்தையும் வெற்றிலை எச்சிலையும் தொட்டியில் போடுவதை நிறுத்தச் சொல்லத் தனியாக ஆய்வு எதுவும் தேவையில்லை.

முகக்கவசத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். என்95இல் உள்ள 'என்' என்ற எழுத்து, எண்ணெய்த் துளிக்கு அது தாங்காது என்பதைக் குறிக்கிறது. மின்னேற்றம் கொண்ட அதன் இழைகளில் எண்ணெய் படிந்தால் வடிகட்டும் திறன் இறங்கிவிடும். எண்ணெய் மூட்டத்துக்கு ஆர் அல்லது பி வகைதான் வேண்டும். துணி முகக்கவசம் பெரிய தெறிப்பைத் தடுக்கும்; நுண்துளிக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

பட்டறையில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: இருமலும் மூச்சுத்திணறலும் ஞாயிற்றுக்கிழமை குறைந்து திங்கள், செவ்வாயில் கூடுகிறதா? கூடினால் மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கூலன்ட் கேனில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். முதலாளியிடம் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். விற்கும் நிறுவனத்திடம் அது இருக்கும்.